ஒளித்துகள்களைப் புதிய முறையில் எண்ணியவர்: சத்தியேந்திர நாத் போஸின் வாழ்வும் பணியும்

கொல்கத்தா, பிப். 4: பல்லாயிரம் அணுக்கள் தத்தம் தனி அடையாளத்தை இழந்து ஒரே அலையாக இயங்கக்கூடும் என்ற கருத்துக்கு வித்திட்ட இந்திய இயற்பியலாளர் சத்தியேந்திர நாத் போஸின் நினைவு நாள் இன்று. 1924-ஆம் ஆண்டு டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது அவர் எழுதிய நான்கு பக்கக் கட்டுரை, குவாண்டம் இயற்பியலின் அடித்தளங்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. அக்கட்டுரையிலிருந்து கிளைத்த மிகப் பெரிய கணிப்பு ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்டபோது அவர் மறைந்து 21 ஆண்டுகள் கடந்திருந்தன.

இளமையும் கல்வியும்

போஸ் 1894-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி கொல்கத்தாவில் பிறந்தார். தந்தை சுரேந்திரநாத் போஸ் கிழக்கிந்திய ரயில்வே நிறுவனத்தில் பணியாற்றியவர். தாயார் அமோதினி தேவி. ஏழு குழந்தைகளில் மூத்தவரான சத்தியேந்திர நாத்துக்கு ஆறு தங்கையர். உடன்பிறந்த ஆண் எவரும் இல்லை.

கொல்கத்தா இந்து பள்ளியில் கல்வி பயின்ற அவர், பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகிய இரு பேரறிஞர்களும் அங்கு ஆசிரியர்களாக இருந்தனர். பின்னாளில் விண்மீன்களின் நிறமாலையை விளக்கிப் புகழ்பெற்ற மேகநாத சாஹா அவருடைய வகுப்புத் தோழர். 1913-இல் இளநிலைப் பட்டத்திலும் 1915-இல் முதுநிலைப் பட்டத்திலும் போஸ் முதலிடம் பெற, சாஹா இரண்டாமிடம் பெற்றார். இடையில் 1914-இல் உஷாவதி என்பவரைப் போஸ் மணந்தார்.

அக்காலத்தில் இந்தியாவில் நவீன இயற்பியலைக் கற்பிக்க நூல்களும் இல்லை, ஆசிரியர்களும் அரிது. கொல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய அசுதோஷ் முகர்ஜி, புதிதாக அமைத்த அறிவியல் கல்லூரியில் இளைஞர்கள் இருவருக்கும் விரிவுரையாளர் பணி வழங்கினார். முதல் உலகப் போரால் ஐரோப்பிய ஆய்விதழ்கள் இந்தியாவுக்கு வருவது தடைப்பட்டிருந்தது. சிப்பூர் பொறியியல் கல்லூரியில் பணியாற்றிய புரூல் என்ற ஆசிரியரிடமிருந்து ஜெர்மன் நூல்களை இரவல் பெற்று, அம்மொழியையும் கற்று, இருவரும் தாமே பாடம் படித்துக்கொண்டனர்.

ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். கொல்கத்தா பல்கலைக்கழகம் அவற்றை 1920-இல் நூலாக வெளியிட்டது. மொழிபெயர்ப்புக்காக ஐன்ஸ்டீனிடம் பெற்ற அனுமதியே, சில ஆண்டுகள் கழித்துப் போஸ் அவருக்குத் துணிந்து கடிதம் எழுத ஓர் அறிமுகமாக அமைந்தது.

வகுப்பறையில் எழுந்த ஐயம்

1921-இல் டாக்கா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது இயற்பியல் துறையில் இணைப் பேராசிரியருக்கு நிகரான ரீடர் பதவியில் போஸ் சேர்ந்தார். அங்கு மாணவர்களுக்குக் கதிர்வீச்சு பற்றிப் பாடம் நடத்தும்போது, பிளாங்கின் விதி அவருடைய மனத்தில் நெருடலை உண்டாக்கியது.

சூடாக்கப்பட்ட பொருளிலிருந்து வெளிப்படும் ஒளியின் ஆற்றல் வெவ்வேறு அதிர்வெண்களில் எவ்வாறு பகிர்ந்தளிக்கப்படுகிறது என்பதை 1900-ஆம் ஆண்டில் மாக்ஸ் பிளாங்க் ஒரு சூத்திரத்தில் அடக்கினார். ஆற்றல் தொடர்ச்சியாகப் பெருகாமல் சிறு சிறு சிப்பங்களாகவே கைமாறுகிறது என்ற கருத்து அதன் உயிர்நாடி. சூத்திரம் சோதனையோடு துல்லியமாகப் பொருந்தியது. ஆனால், அதைத் தருவித்த வழியில் ஒரு முரண்பாடு இருந்தது. கணக்கின் ஒரு பாதி, ஒளியைத் தொடர்ச்சியான அலையாகக் கொண்ட பழைய மின்காந்தவியலிலிருந்து எடுக்கப்பட்டது. மறுபாதி, அந்தக் கொள்கை ஏற்காத ஆற்றல் சிப்பங்களை ஆதாரமாகக் கொண்டது. ஐன்ஸ்டீன் உள்ளிட்ட பலரும் இந்தக் குறையை நீக்க முயன்றிருந்தனர். எவருடைய தருவிப்பும் பழைய கொள்கையின் துணையின்றி முழுமை பெறவில்லை.

1924-இன் தொடக்கத்தில் டாக்காவுக்கு வந்த சாஹா, இது தொடர்பாக ஐரோப்பாவில் வெளிவந்திருந்த புதிய கட்டுரைகளை நண்பரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். தாம் முழுமையாக ஏற்காத ஒரு தருவிப்பை மாணவர்களுக்குச் சொல்லித்தர மனம் ஒப்பாத போஸ், அதைத் தொடக்கத்திலிருந்து மாற்றி எழுத முனைந்தார்.

எண்ணும் முறை மாறியது

ஒளியை அலையாகக் கருதும் கணக்கை அவர் முற்றிலுமாக ஒதுக்கினார். ஒளி என்பது துகள்களால் ஆன ஒரு வாயு என்று எடுத்துக்கொண்டார். அத்துகள்கள் இருக்கக்கூடிய நிலைகளைச் சிறு அறைகளாகப் பிரித்தார். எந்தத் துகள் எந்த அறையில் உள்ளது என்று கேட்பதற்கு மாறாக, எத்தனை அறைகள் காலியாக உள்ளன, எத்தனை அறைகளில் ஒரு துகள் உள்ளது, எத்தனை அறைகளில் இரண்டு உள்ளன என்று மட்டும் எண்ணினார். பிளாங்கின் விதி அப்படியே கிடைத்தது.

இந்த மாற்றத்தின் ஆழத்தை இரண்டு நாணயங்களைக் கொண்டு உணரலாம். இரு நாணயங்களைச் சுண்டினால் இரண்டும் தலை, இரண்டும் பூ, முதலாவது தலை இரண்டாவது பூ, முதலாவது பூ இரண்டாவது தலை என நான்கு முடிவுகள் உண்டு. இரண்டும் ஒன்றுபோல் விழும் வாய்ப்பு நான்கில் இரண்டு. இப்போது, இரு நாணயங்களையும் முதலாவது, இரண்டாவது என்று வேறுபடுத்தவே வழியில்லை என்று கொள்வோம். அப்போது இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒவ்வொன்று என மூன்று நிலைகளே எஞ்சுகின்றன. மூன்றுக்கும் சமவாய்ப்பு என்றால், இரண்டும் ஒன்றுபோல் இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டாக உயர்கிறது.

உலோக நாணயங்கள் ஒருபோதும் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. ஒளித்துகள்கள் இவ்வாறே நடந்துகொள்கின்றன. ஒரு நிலையில் ஏற்கெனவே துகள்கள் இருந்தால் மேலும் துகள்கள் அதே நிலையை நாடுகின்றன. அவற்றுக்கிடையே எந்த ஈர்ப்பு விசையும் இதற்குக் காரணமாக இல்லை. தனி அடையாளம் அற்ற துகள்களை எண்ணும் முறையிலேயே அந்தக் கூடிவாழும் இயல்பு அடங்கியுள்ளது.

பெர்லினுக்குச் சென்ற கடிதம்

இக்கட்டுரை இங்கிலாந்தின் ஆய்விதழ்களில் வெளிவரவில்லை. முப்பது வயதில், முனைவர் பட்டம் கூட இல்லாத நிலையில், 1924-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி போஸ் அதை நேரடியாக ஐன்ஸ்டீனுக்கே அனுப்பிவைத்தார். தகுதியுடையது என்று கருதினால் ஜெர்மன் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட உதவுமாறு கடிதத்தில் வேண்டிக்கொண்டார்.

ஐன்ஸ்டீன் அதன் முக்கியத்துவத்தை உடனே உணர்ந்தார். தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து, முக்கியமான முன்னேற்றம் என்ற தமது குறிப்பையும் இணைத்து, அந்நாட்டின் முன்னணி இயற்பியல் இதழில் வெளியிடச் செய்தார். போஸுக்கு ஓர் அஞ்சலட்டையும் எழுதினார். டாக்கா பல்கலைக்கழகம் போஸுக்கு ஐரோப்பா செல்ல இரண்டு ஆண்டு விடுப்பும் உதவித்தொகையும் அளிக்க அந்த அட்டை துணைநின்றது.

போஸ் அடுத்து அனுப்பிய இரண்டாவது கட்டுரையையும் ஐன்ஸ்டீன் மொழிபெயர்த்து வெளியிட்டார். ஆயினும் அதன் முடிவை அவர் ஏற்கவில்லை. தமது மறுப்பையும் அக்கட்டுரையின் இறுதியிலேயே பதிவுசெய்தார்.

துகளிலிருந்து அலைக்கு

முதல் கட்டுரையை அச்சுக்கு அனுப்பிய கையோடு ஐன்ஸ்டீன் ஓர் அடி மேலே சென்றார். ஒளித்துகள்களுக்குப் பொருந்தும் எண்ணும் முறை, வாயுவிலுள்ள அணுக்களுக்கும் பொருந்தினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார். ஒளித்துகள்கள் தோன்றவும் மறையவும் கூடியவை. அணுக்களின் எண்ணிக்கையோ மாறாது. வாயுவைக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே, உயர் ஆற்றல் நிலைகளில் எல்லா அணுக்களுக்கும் இடம் இருக்காது. எஞ்சியவை மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் ஒன்றாகக் குவியும் என்று 1925-இன் தொடக்கத்தில் அவர் கணித்தார். போஸ்-ஐன்ஸ்டீன் செறிபொருள் என்ற பெயர் பெற்ற நிலை இதுவே.

அதே ஆய்வில் மற்றொன்றும் வெளிப்பட்டது. வாயுவில் ஏற்படும் ஏற்ற இறக்கங்களைக் கணக்கிட்டபோது, துகள்களுக்குரிய பகுதியுடன் அலைகளுக்குரிய ஒரு பகுதியும் விடையில் தோன்றியது. பருப்பொருளுக்கும் அலைப்பண்பு உண்டு என்று பிரான்சின் லூயி டி பிராக்லி தமது முனைவர் பட்ட ஆய்வேட்டில் அப்போதுதான் கூறியிருந்தார். ஐன்ஸ்டீன் தமது கட்டுரையில் அந்த ஆய்வேட்டைச் சுட்டிக்காட்டினார். அதன் வழியே டி பிராக்லியின் கருத்தில் ஈடுபாடு கொண்ட எர்வின் ஷ்ரோடிங்கர், 1926-இல் குவாண்டம் அலைச் சமன்பாட்டை உருவாக்கினார்.

ஒளியின் அலைக் கொள்கையை முழுவதுமாக விலக்கிவிட்டு எழுதப்பட்ட கட்டுரை, பருப்பொருளுக்கும் அலை உண்டு என்ற முடிவுக்கு வலுச் சேர்த்தது. இதில் முரண் ஏதுமில்லை. குளத்தில் எழும் இரண்டு அலைகள் ஒன்றுசேர்ந்தபின் இது முதல் அலை, இது இரண்டாம் அலை என்று பிரித்துக்காட்ட முடியாது. தனி அடையாளம் இல்லாமை அலையின் இயல்பு. துகள்களின் பெயர்ச்சீட்டை நீக்கியதன் மூலம் அந்த இயல்பைப் போஸ் தம்மையறியாமலே தமது கணக்குக்குள் கொண்டுவந்திருந்தார்.

ஐரோப்பாவில் இரண்டு ஆண்டுகள்

1924 அக்டோபரில் போஸ் பாரிஸ் சென்றடைந்தார். டி பிராக்லியின் ஆய்வேடு அடுத்த மாதமே அதே நகரில் ஏற்கப்பட்டது. பால் லாஞ்செவின், மேரி கியூரி ஆகியோரைப் போஸ் சந்தித்தார். லூயி டி பிராக்லியின் மூத்த சகோதரர் மாரிஸ் டி பிராக்லியின் ஆய்வகத்தில் எக்ஸ் கதிர் நுட்பங்களைக் கற்றார்.

ஓராண்டுக்குப் பின் பெர்லின் சென்று ஐன்ஸ்டீனைச் சந்தித்தார். உரையாடல்கள் நிகழ்ந்தன, கூட்டாய்வு மலரவில்லை. ஐன்ஸ்டீனின் நாட்டம் அப்போது ஒருங்கிணைந்த புலக் கொள்கையின் பக்கம் திரும்பியிருந்தது. ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் டிராக்கும் புதிய குவாண்டம் இயக்கவியலைக் கட்டியெழுப்பிய மாதங்களில் போஸ் ஐரோப்பாவிலேயே இருந்தார். எனினும் அந்தப் பெருவெள்ளத்தில் அவர் பங்கேற்கவில்லை. 1926-இல் டாக்கா திரும்பினார்.

முனைவர் பட்டம் இன்றியே பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் அங்கு உயர்ந்தார். 1945 வரை டாக்காவிலேயே பணியாற்றினார். எக்ஸ் கதிர் படிக ஆய்வுக்கான கருவிகளைத் தாமே வடிவமைத்தார். கணிதம், வேதியியல், இலக்கியம், இசை எனப் பல துறைகளில் ஈடுபட்டார். எஸ்ராஜ் என்னும் நரம்பிசைக் கருவியை நன்கு வாசிப்பார். பிறருடைய ஆய்வுச் சிக்கல்களைத் தீர்த்துக் கொடுப்பதில் மகிழ்ந்த அவர், தமது பெயரில் கட்டுரை வெளியிடுவதில் நாட்டம் காட்டவில்லை. 1924-க்குப் பின் அதற்கு இணையான மற்றொரு கண்டுபிடிப்பு அவரிடமிருந்து வரவில்லை.

தாய்மொழியில் அறிவியல்

நாட்டுப் பிரிவினைக்கு முன்பாக, 1945-இல் கொல்கத்தா திரும்பிய போஸ், அங்கு கைரா பேராசிரியராகப் பொறுப்பேற்று 1956 வரை பணியாற்றினார். பின்னர் விசுவ பாரதி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் தேசியப் பேராசிரியராகவும் விளங்கினார். மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1954-இல் பத்ம விபூஷண் விருதும், 1958-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதியும் அவரைத் தேடிவந்தன.

இப்பதவிகளைவிட அவர் மனத்துக்கு நெருக்கமாக இருந்தது தாய்மொழிவழி அறிவியல் கல்வியே. ஐரோப்பிய அறிவியலை எட்ட ஜெர்மன் மொழியையும் பிரெஞ்சு மொழியையும் தாமே கற்க நேர்ந்தவர் அவர். மொழி ஒரு வாயிலாகவும் தடையாகவும் அமையும் என்பதை அனுபவத்தில் அறிந்திருந்தார். வங்காளத்தில் உயர் அறிவியல் கற்பிக்க இயலாது என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. முதுநிலை வகுப்புகளிலும் வங்காளத்தில் பாடம் நடத்தினார். 1948-இல் வங்க அறிவியல் மன்றத்தை நிறுவி, அதன் வழியே ஒரு மாத இதழையும் தொடங்கினார். மூல ஆய்வுக் கட்டுரைகளை மட்டுமே கொண்ட சிறப்பிதழ் ஒன்றையும் அந்த இதழ் வங்காளத்தில் வெளியிட்டது. ரவீந்திரநாத் தாகூர் 1937-இல் எழுதிய தமது அறிவியல் நூலைப் போஸுக்கே காணிக்கையாக்கியிருந்தார்.

1974 ஜனவரியில் போஸின் 80-ஆவது பிறந்த நாளும், அவருடைய கண்டுபிடிப்பின் 50-ஆம் ஆண்டு நிறைவும் கொல்கத்தாவில் சிறப்பிக்கப்பட்டன. அடுத்த மாதமே, பிப்ரவரி 4-ஆம் தேதி, அவர் காலமானார்.

மெய்ப்பிக்கப்பட்ட கணிப்பு

ஐன்ஸ்டீனின் கணிப்பு நெடுங்காலம் வெறும் கணிதமாகவே கருதப்பட்டது. 1938-இல் திரவ ஹீலியம் 2.17 கெல்வின் வெப்பநிலைக்குக் கீழே பாகுத்தன்மையின்றிப் பாயும் அதிசயம் கண்டறியப்பட்டபோது, போஸ்-ஐன்ஸ்டீன் குவிதலே அதன் காரணமாகலாம் என்று ஃபிரிட்ஸ் லண்டன் கூறினார். ஆனால், திரவத்தில் அணுக்கள் ஒன்றையொன்று வலுவாகப் பாதிப்பதால் அது தூய சான்றாக அமையவில்லை.

அணுவின் வேகம் குறையக் குறைய அதன் அலைநீளம் கூடும் என்பது டி பிராக்லியின் விதி. அறை வெப்பநிலையில் அணுக்கள் நொடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் பறக்கின்றன. எனவே அவற்றின் அலைகள் மிகச் சிறியவை, ஒன்றையொன்று தொடுவதில்லை. தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கும்போது அலைகள் நீண்டு, அண்டை அணுக்களின் அலைகளோடு கலக்கின்றன. இறுதியில் எல்லா அணுக்களும் ஒரே கட்டத்தில், ஏற்ற இறக்கம் பிசகாமல், ஒரே அலையாக இயங்குகின்றன. இந்த ஒழுங்கையே இயற்பியலாளர்கள் ஓரியல் தன்மை என்கின்றனர்.

1995 ஜூன் 5-ஆம் தேதி, அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னல், கார்ல் வீமன் குழுவினர் ருபிடியம் அணுக்களை லேசர் ஒளியாலும், பின்னர் வெப்பம் மிகுந்த அணுக்களை வெளியேற்றும் முறையாலும் குளிர்வித்தனர். தனிச்சுழியிலிருந்து ஒரு டிகிரியில் கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவான வெப்பநிலையில், சுமார் 2,000 அணுக்கள் ஒரே நிலையில் குவிந்தன. சில மாதங்களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வொல்ஃப்காங் கெட்டர்லே சோடியம் அணுக்களில் இதை நிகழ்த்தினார்.

இரு குவியல்களை ஒன்றன்மேல் ஒன்று படர விட்டபோது என்ன நிகழ்ந்தது என்பதைக் கெட்டர்லே குழு 1997-இல் வெளியிட்டது. இரு ஒளிக்கற்றைகள் சந்திக்கும்போது தோன்றுவதைப்போல, அணுக்கள் நிறைந்த பட்டைகளும் அணுக்களே இல்லாத பட்டைகளும் மாறிமாறித் தோன்றின. பருப்பொருளின் அலைத்தன்மையும் ஓரியல் தன்மையும் நேரடியாகப் படம்பிடிக்கப்பட்டன. மூவருக்கும் 2001-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பெயரில் நிலைத்தவர்

போஸின் பெயர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் அவருக்கு அது கிடைக்கவில்லை. அவருடைய கொள்கை திறந்துவிட்ட துறைகளில் ஆய்வு செய்தோர் பலர் அதைப் பெற்றனர். இந்தக் குறை இந்திய அறிவியல் உலகில் இன்றும் பேசப்படுகிறது.

ஆயினும் அவருக்கு வேறொரு சிறப்பு வாய்த்தது. இயற்கையிலுள்ள அடிப்படைத் துகள்கள் அனைத்தும் இரு பெரும் குலங்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒரே நிலையில் கூடி வாழும் குலத்துக்குப் போசான்கள் என்று போஸின் பெயரையே பால் டிராக் சூட்டினார். தனித்து நிற்கும் மற்றொரு குலம் ஃபெர்மியின் பெயரால் ஃபெர்மியான்கள் எனப்படுகிறது. ஒளித்துகளும், 2012-இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகளும் போசான் குலத்தைச் சேர்ந்தவையே.

லேசர் கருவியில் ஒளித்துகள்கள் ஒரே நிலையில் திரள்வதும், மீக்கடத்தியில் இணைசேர்ந்த எலக்ட்ரான்கள் தடையின்றிப் பாய்வதும் இந்தக் கூடிவாழும் இயல்பின் வெளிப்பாடுகள். இன்றைய குவாண்டம் கணினிகள் பலவும் மீக்கடத்திச் சுற்றுகளால் ஆனவை. அவற்றின் பெரும் சவால், சுற்றுப்புறத்தின் வெப்பமும் அதிர்வும் ஓரியல் தன்மையைக் குலைத்துவிடாமல் காப்பதே. இத்தொழில்நுட்பங்களை வளர்க்க, ரூ. 6,003.65 கோடி மதிப்பிலான தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது.

கொல்கத்தாவில் 1986-இல் நிறுவப்பட்ட தேசிய அடிப்படை அறிவியல் மையம் போஸின் பெயரைத் தாங்கியுள்ளது. புதிய ஆய்வகமோ விலையுயர்ந்த கருவியோ இன்றி, பாடத்தில் இருந்த ஒரு குறையை அப்படியே கடந்துபோக மறுத்த ஆசிரியர் ஒருவரின் நேர்மையிலிருந்தே அந்தப் பெரும் கண்டுபிடிப்பு பிறந்தது. அவர் அன்று தொடங்கிவைத்த எண்ணும் முறை ஒரு நூற்றாண்டைக் கடந்தும் மாற்றமின்றிப் பயன்பாட்டில் உள்ளது.